ஜோடித்தாள்

ஜூன் 12, வியாழன்

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் இல்லை நான். பூரணவல்லி டீச்சர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். பெயர் உச்சிமாகாளி. தாத்தா பெயரை என் தலையில் கட்டிவிட்டார்கள். பிளஸ் டூ, கலைப்பிரிவு. சிறப்புத் தமிழ் எடுத்திருப்பது பள்ளிக்கூடம் முழுக்க ஏழே பேர். வேறு பிரிவில் இடம் கிடைக்காமல் வந்தவர்கள் ஆறு பேர். இன்பராஜ் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். அவனுக்குக் கொழுப்பு.

இன்று முதல் வகுப்பு. டீச்சர் எங்களை வணக்கம்கூட முழுசாகச் சொல்லவிடவில்லை. பைகளைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருந்த கைடுகளை எல்லாம் எடுத்து மாடி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். கீழே சைக்கிள் நிறுத்துகிற இடம். ஒரு கைடு யார் தலையிலோ விழுந்து, "ஏல, எவம்லே அது?" என்று சத்தம் கேட்டது. டீச்சர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்த வருசம் என்ன நடக்கும்னு சொல்லிருதேன். நாப்பது பாட்டு, எட்டுக் கதை, ஒரு நாவல். எல்லாத்தையும் நீங்களே வாசிக்கணும். பொருள் நான் சொல்ல மாட்டேன். வியாழக்கிழமைதோறும் வழக்கு. ஒருத்தர் ஒரு பாட்டப் பத்திக் கட்சி சொல்லணும், மத்த ஆறு பேரும் கேள்வி கேட்டு மடக்கணும். எதச் சொன்னாலும் வரி காட்டணும். எனக்குத் தோணுச்சுன்னு யாராவது சொன்னா அப்படியே வெளிய போயிரலாம்."

வழக்கு முடிந்ததும் கட்சி சொன்னவர் மட்டும் இருந்து, நடந்ததை வகுப்பு அலமாரியில் இருக்கும் வழக்கேட்டில் எழுத வேண்டும். ஜெயித்தால் ஜெயித்ததை, தோற்றால் தோற்றதை, தன் கையாலேயே. எழுதி முடித்து அறையைப் பூட்டி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். மற்றவர்கள் நாலரைக்குப் போனால் அவர் போக ஐந்தரை ஆகும்.

கடைசியாக இந்த நோட்டு. தைத்த நோட்டு, நூற்று இருபது பக்கம், சுருள் கம்பி போட்டது கூடாது. "நான் படிக்க மாட்டேன். அப்பப்ப வாங்கிப் பக்கத்த எண்ணிப் பாப்பேன், அவ்வளவுதான்" என்றார். எதற்கு எண்ண வேண்டும் என்று ஷமீமா கேட்டாள். எங்கள் ஏழு பேரில் அவளுக்குத்தான் வாய் அதிகம்.

"எழுதுனத எல்லாம் வச்சிருக்கீங்களான்னு தெரிஞ்சுக்க" என்றார் டீச்சர்.

ஜூன் 17, செவ்வாய்

டீச்சர் என்னிடம் கேட்ட கேள்விகள் ஒன்பது. நான் சொன்ன பதில்கள் ஒன்பது. ஒன்பதுக்கும் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "வரி எங்க?"

ஜூன் 20, வெள்ளி

தண்ணீர்க் குழாய் பக்கம் சண்டை. எங்கள் மேலத்தெருப் பையன்களுக்கும் கீழத்தெருப் பையன்களுக்கும். யார் முதலில் குடிப்பது என்று தொடங்கி பெல்ட்டைக் கழற்றுவது வரை போனது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் முன்பல் குழாயடித் தொட்டியில் கிடந்தது. நான் அடிக்கவில்லை. ஒருவனைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

பி.டி. சார் கத்தரிக்கோலோடு வந்து எல்லோர் மணிக்கட்டிலும் இருந்த கயிற்றை வெட்டினார். எங்கள் தெருக் கயிறு ஒரு நிறம், அவர்கள் கயிறு ஒரு நிறம். வெட்டிய கயிறுகள் ஒரு முறம் அளவுக்குக் குவிந்தன. நான் கணுக்காலில் கட்டியிருக்கிறேன், அதனால் தப்பித்தேன்.

கீழத்தெருக்காரர்களில் இன்பராஜ் கையில் மட்டும் எப்போதும் கயிறு இருந்ததில்லை. ஏன் என்று வகுப்பில் கேட்டேன். "கட்டுனாலும் அடி விழுது, கட்டாட்டாலும் அடி விழுது. கயிறாவது மிச்சமாட்டும்னுதான்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 10, வியாழன்

என் முதல் வழக்கு. பாடத்தில் ஒரு போர்ப் பாட்டு. முதுகில் வெட்டுப்பட்டு விழுந்து கிடக்கிற ஒருவனைத் தூக்க ஊரிலிருந்து யாரும் வரவில்லை என்று போகிறது. நான் சொன்ன கட்சி இது: முதுகில் புண் பட்டவன் ஓடியவன், ஓடியவன் கோழை, ஊர் செய்தது சரி. நன்றாகத்தான் சொன்னேன். நேற்று முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருந்தேன்.

இன்பராஜ் எழுந்தான். அவன் வாசிக்கும்போது கட்டைவிரல் நகத்தை வரிக்குக் கீழே வைத்துக்கொள்வான். நகத்தை எடுக்காமலேயே கேட்டான்.

"அவன் ஓடுனான்னு எந்த வரில இருக்கு?"

தேடினேன். பாட்டு பதினோரு வரிதான். மூன்று தடவை தேடினேன்.

"இல்லலா? முதுகுல வெட்டு இருக்குன்னு மட்டுந்தான் இருக்கு. சும்மா நடந்து போனவன ஒருத்தன் பொறத்தால வந்து வெட்டியிருந்தா? அப்ப கோழை யாரு? வெட்டுப்பட்டவனா, வெட்டுனவனா?"

ஷமீமா கைதட்டினாள். அவள் தட்டியதும் மற்றவர்களும் தட்டினார்கள். டீச்சர் என்னைப் பார்த்து, "உச்சிமாகாளி, வரி எங்க?" என்றார். பதில் சொல்லும்வரை உட்காரக் கூடாது என்பது சட்டம். மணி அடிக்கும்வரை நின்றேன்.

எல்லோரும் போன பிறகு, 'என் கட்சிக்குப் பாட்டில் ஆதாரம் இல்லை, நான் தோற்றேன்' என்று ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. அவனை அப்படியே ஜன்னல் வழியாகக் கீழே தள்ள வேண்டும்போல இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

கொம்பையா அண்ணனிடம் நேற்று நடந்ததைச் சும்மா சிரிப்புக்காகச் சொன்னேன். பெரியப்பா மகன். பிளஸ் டூவில் மூன்று தடவை தோற்றவன், இருபத்து மூன்று வயது, வேலை என்று பார்த்தால் பைக் ஓட்டுவதுதான். அவன் சிரிக்கவில்லை.

"எந்தத் தெருப் பய?"

சொன்னேன்.

"அவன் கேள்வி கேட்டான், நீ பதில் தெரியாம நின்ன. பொட்டப்புள்ள கைதட்டுச்சு. அத எங்கிட்ட வந்து சிரிச்சிக்கிட்டுச் சொல்லுத, என்னலே?" பேசிக்கொண்டே ஓங்கி அறைந்தான். காது ஒரு மணி நேரம் இரைந்தது.

ஜூலை 24, வியாழன்

இடைப்பருவத் தேர்வு மதிப்பெண் வந்தது. சிறப்புத் தமிழில் நான் அறுபத்தொன்று. அப்பா கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார். முதல் மதிப்பெண் யார் என்று கேட்காமல் இருந்திருந்தால் போட்டிருப்பார். கேட்டார். இன்பராஜ், தொண்ணூற்று மூன்று என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு பெல்ட்டை எடுத்தார். பக்கிள் இருக்கிற பக்கம் அடிக்கிற பக்கமாக இருந்தது.

"அவன் மொத மார்க்குன்னா நீ எதுக்குலே சோறு திங்க?"

அம்மா உள்ளே தோசைக்கு மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் நிற்கவே இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

முதுகு ஆறிவிட்டது. நாவலில் முதல் ஐந்து அத்தியாயம் முடிக்க வேண்டும். கணுக்காலில் கயிறு அரித்துப் புண் ஆகியிருக்கிறது, மஞ்சள் வைத்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நாளை மறுநாள் என் இரண்டாவது வழக்கு. நூலகத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்பராஜ் வந்து எதிரே உட்கார்ந்தான். நான் கூப்பிடவில்லை.

"மொதல்ல கட்சிய முடிவு பண்ணிட்டு வரியத் தேடுத. அதான் மாட்டுத. வரிய வாசி, கட்சி தானா வரும்" என்றான். என் புத்தகத்தை இழுத்துத் தன் நகத்தை வைத்தான். "இதுல எத்தன பேரு பேசுதாங்கன்னு மட்டும் எண்ணு."

எண்ணினேன். நான் ஒருவன் என்று நினைத்திருந்த இடத்தில் இரண்டு பேர் பேசினார்கள். பாட்டு அப்படியே திரும்பிக்கொண்டது. எனக்கு முடி சிலிர்த்துவிட்டது, மறைக்க முடியவில்லை. அவன் பையிலிருந்து கொடுக்காப்புளி எடுத்துக் கொடுத்தான். தின்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஜெயித்தேன்! ஆறு பேரும் மடக்கிப் பார்த்தார்கள், அசையவில்லை. கடைசியில் டீச்சர் "ம்" என்றார். அவர் "ம்" சொல்வது பெரிய விஷயம். ஏட்டில் எழுதும்போது இன்பராஜ் சொல்லிக்கொடுத்தான் என்பதையும் சேர்க்கலாமா என்று நினைத்தேன். சேர்க்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மதியம் இன்பராஜ் டப்பாவிலிருந்து நான் கருவாட்டுத் துண்டு எடுத்துத் தின்றதை எங்கள் தெருப் பையன் எவனோ பார்த்திருக்கிறான். பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் கொம்பையா அண்ணனும் அவன் கூட்டாளிகளும் நின்றார்கள். என் பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கொட்டினார்கள். டிபன் டப்பாவை மிதித்து நசுக்கினார்கள். "நக்கித் தின்னுட்டு வந்திருக்கான் பாரு" என்று ஒருவன் என் வாயைப் பிடித்துத் திறந்து மூடினான். தெருவே வேடிக்கை பார்த்தது. இன்பராஜும் எதிர்ச் சாரியில் நின்று பார்த்தான்.

எனக்கு இவர்கள்மேல் வந்த கோபத்தைவிட அவன் பார்த்துவிட்டான் என்பதில்தான் கோபம் அதிகமாக வந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்பராஜ் பேச வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

நேற்று எழுதியதை மறுபடி வாசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. கொம்பையா அண்ணன் இப்போது நல்லபடியாகத்தான் பேசுகிறான். புது டிபன் டப்பா வாங்கிக் கொடுத்தான், மூன்று அடுக்கு.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்பராஜ் வழக்கு. ஜெயித்தான். நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நாலரைக்கு எல்லோரோடும் கிளம்பினேன். படியில் இறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், அவன் ஏட்டை விரித்து எழுதிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன். ஐந்தரைக்கு நாவலை எடுத்தேன். ஐந்தே முக்காலுக்கும் அதே பக்கத்தில்தான் இருந்தேன். வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பள்ளிக்கூடம் இல்லை. வாசலில் போலீஸ் வேன்.

நேற்று ஐந்தே முக்காலுக்கு இன்பராஜைக் குளத்துக் கரையில் வைத்து வெட்டியிருக்கிறார்கள். பைக்கில் இரண்டு பேர், ஹெல்மெட் போட்டிருந்தார்களாம். பின்னால் வந்து வெட்டியிருக்கிறார்கள். முதுகில் இரண்டு வெட்டு, தோளிலிருந்து இடுப்பு வரைக்கும். திரும்பிக் கையைத் தூக்கியதில் மூன்றாவது வெட்டு கையில் விழுந்தது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. வரிக்குக் கீழே வைக்கிற கட்டைவிரல் இருக்கிறதாம். இதை ஏன் விசாரித்தேன் என்று தெரியவில்லை. சாவி வாங்கிய வாட்ச்மேன்தான் சத்தம் கேட்டு ஓடித் தூக்கியிருக்கிறார். உயிருக்கு ஆபத்து இல்லை என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

எனக்கு எதுவும் தெரியாது.

இந்த நோட்டில் ஒரு தாளில் மை கொட்டிவிட்டது. கிழித்துவிட்டேன். வெந்நீர் அடுப்பின் முன்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள். என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். என்ன தாள் என்று கேட்கவில்லை. வாங்கி அடுப்புக்குள் போட்டு, சுள்ளியால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டாள்.

செப்டம்பர் 1, திங்கள்

சிறப்புத் தமிழ் ஆறு பேரையும் தலைமையாசிரியர் அறையில் வைத்து போலீஸ் விசாரித்தது. எஸ்.ஐ. மேசைமேல் லத்தியை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"அவனுக்கு யாரோடயாவது தகராறா?"

"தெரியாது சார்."

"நீ மேலத்தெருதான?"

"ஆமா சார்."

"யார் பையன்?"

அப்பா பெயரைச் சொன்னேன். லத்தி உருளுவது நின்றது. "போ தம்பி, நல்லாப் படி" என்றார். மற்றவர்களைக் கால் மணி நேரம் கேட்டவர் என்னை ஒரு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் இன்பராஜின் அண்ணன் செல்வினைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போன மாதம் அண்ணனுக்கும் தம்பிக்கும் வீட்டில் வாய்ச்சண்டையாம். படித்தது போதும், திருப்பூருக்கு வேலைக்கு வா என்று செல்வின் கூப்பிட்டிருக்கிறான், இவன் மாட்டேன் என்றிருக்கிறான். அக்கம்பக்கம் கேட்டிருக்கிறது. அது போதும் போலீசுக்கு.

செப்டம்பர் 3, புதன்

நோட்டைத் திறந்தால் பின்பாதியிலிருந்து ஒரு வெற்றுத் தாள் நழுவித் தரையில் விழுந்தது. தைத்த நோட்டில் முன்னால் ஒரு தாளைக் கிழித்தால் பின்னால் அதோடு சேர்ந்த தாள் பிடிப்பில்லாமல் கழன்றுவிடும் என்று எனக்குத் தெரியாது. பசை தடவி அதே இடத்தில் ஒட்டிவைத்தேன். பார்த்தால் தெரியவில்லை.

செப்டம்பர் 6, சனி

டீச்சர் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன். "வலியோடயே வா" என்றார்.

இன்பராஜ் குப்புறப் படுத்திருந்தான். முதுகு முழுக்கக் கட்டு. ஒரு இடத்தில் ரத்தம் ஊறிப் பழுப்பாகக் காய்ந்திருந்தது. முகத்தைக் கட்டிலின் ஓரமாகத் திருப்பி வைத்திருந்ததால் அவனைப் பார்க்க நாங்கள் குனிய வேண்டியிருந்தது. அவன் அம்மா எழுந்து எங்களுக்கு ஸ்டூல் நகர்த்திப் போட்டாள். எனக்கும்தான் போட்டாள்.

"செல்வின் எங்கம்மா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஸ்டேசன்லதான் டீச்சர். காலைல விடுதாங்க, சாயந்தரம் திரும்பக் கூப்டுதாங்க. உள்ளங்கால்ல அடிச்சிருக்காங்க. நடக்க முடியல, முட்டி போட்டு வாரான். தம்பிய நீதான் வெட்டுனன்னு ஒத்துக்கோங்காங்களாம்." அந்தம்மா அழவில்லை. அழுது முடித்துவிட்டவள் மாதிரி இருந்தாள். "எம்பிள்ளைய வெட்டுனதும் எம்பிள்ளையாம், பாத்துக்கோங்க."

மற்றவர்கள் வெளியே போனதும் இன்பராஜ் என்னை மட்டும் கூப்பிட்டான். நான் தரையில் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தால்தான் கண்ணுக்கு நேராக வந்தது.

"உச்சி, நான் ஓடல கேட்டியா. பொறத்தால வண்டிச் சத்தம் கேட்டுச்சு, ஒதுங்கி வழி விட்டேன். அவ்வளவுதான். எங் கட்சிய நானே நிரூபிச்சிட்டேன்" என்று சிரித்தான். சிரித்ததும் வலித்து, தலையணையைக் கடித்துக்கொண்டான்.

பிறகு மெதுவாகச் சொன்னான். "வெட்டுனவன் மொகம் எனக்குத் தெரியாது. ஆனா அன்னைக்கு அஞ்சரைக்கு நான் தனியா வருவேன்னு யாருக்குத் தெரியும்? ஏழு பேருக்கு. டீச்சரோட எட்டு. நான் சொல்லல. மிச்சம் ஏழு."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"வாசிலே" என்றான். "நாவல்ல நான் விட்ட எடத்துல இருந்து வாசி. எனக்குத்தான் இப்பப் புத்தகத்தப் பிடிக்க முடியலையே."

நான்கு பக்கம் வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று சத்தியமாக நினைவில்லை. அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 8, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனது கொம்பையா அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. பம்புசெட்டுக்கு வரச் சொன்னான். போனதும் தலைமுடியைப் பிடித்துத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கினான். விளையாட்டுக்குத்தான். மூன்று தடவை. மூன்றாவது தடவை மூக்கில் தண்ணீர் ஏறி, தொட்டியின் சுவரில் பல் மோதி உதடு கிழிந்தது. "இதுக்கு மேல நான் சொல்ல வேண்டாம்லா?" என்றான். அப்பா வரப்பில் நின்று பார்த்தார். பிறகு மடையைத் திறக்கப் போய்விட்டார்.

செப்டம்பர் 11, வியாழன்

நேற்று நோட்டுகளை வாங்கிக்கொண்டு போன டீச்சர் இன்று வகுப்பு முடிந்ததும் திருப்பித் தந்தார். இன்று வழக்கு இல்லை. இன்பராஜ் வெட்டுப்பட்ட நாளிலிருந்து வழக்கு நடக்கவில்லை. ஐந்து பேருக்கும் நோட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னை இருக்கச் சொன்னார்.

என் நோட்டை மேசையில் வைத்தார். அதன்மேல் அந்த வெற்றுத் தாள் தனியாக இருந்தது. ஓரத்தில் பசை காய்ந்து மொறமொறவென்று இருந்தது.

"நூத்துப் பதினெட்டு" என்றார். "நான் படிக்கல. எண்ணுனேன். எண்ணும்போது இது கையோட வந்துருச்சு. ஒட்டியிருக்கு. கிழிச்ச தாள ஒட்டுவாங்க, இது கிழியவே இல்லையே, எதுக்கு ஒட்டணும்னு பாத்தேன். இதுல ஒண்ணும் எழுதல. இதோட ஜோடி எங்கய்யா?"

"மை கொட்டிருச்சு டீச்சர்."

"சரி."

அவர் திட்டினால் நான் தாங்கியிருப்பேன். எனக்கு அடி பழக்கம்தான். அவர் அலமாரியைத் திறந்து வழக்கேட்டை எடுத்தார். ஆகஸ்ட் 28 பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார். இன்பராஜ் கையெழுத்து. அன்று அவன் ஜெயித்த வழக்கு. எழுதி முடித்து, கீழே ஒரு கோடு போட்டு, சின்னதாக இன்னொரு வரி சேர்த்திருந்தான்: 'ஒரு பாட்டில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்ற கேள்விக்கு முதலில் சரியாகப் பதில் சொன்னவன் உச்சிமாகாளி. ஆகஸ்ட் 14 பார்க்க.'

அதை எழுதிவிட்டுத்தான் அவன் அறையைப் பூட்டியிருக்கிறான். நான் படியில் திரும்பிப் பார்த்தபோது இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தானோ என்னவோ.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கு, உதடு, கிழிந்த இடம் எல்லாம் எரிந்தது. டீச்சர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்கு முதுகைக் காட்டியபடியே பேசினார்.

"செல்வின நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்க. ஒத்துக்கிட்டானாம். அந்தக் கால வச்சிக்கிட்டு நானும் ஒத்துக்கிடத்தான் செய்வேன். நான் காலைல ஒம்பது மணிக்கு ஸ்டேசன் வாசல்ல நிப்பேன். ஷமீமா அத்தா வக்கீல் ஒருத்தரக் கூட்டிட்டு வாராரு. நான் வெறுங்கையோட நின்னா அஞ்சு நிமிசத்துல வெளிய அனுப்பிருவாங்க."

"எங்க வீட்ல என்னக் கொன்னுருவாங்க டீச்சர்."

"அடிப்பாங்க" என்றார். "கொல்ல மாட்டாங்கன்னு நான் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாதத நான் எப்படிச் சொல்ல? ஆனா நாளைக்கு நீ திரும்பி அந்த வீட்டுக்குப் போக வேண்டாம். அது எம் பொறுப்பு."

வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் வெற்றுத் தாளை நோட்டுக்குள் வைத்து என் கையில் கொடுத்தார். அறைச் சாவியையும் கொடுத்தார்.

"எழுதணும்னா இங்கயே இருந்து எழுது. முடிச்சிட்டுப் பூட்டி, சாவிய வாட்ச்மேன்ட்ட குடுத்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி நாலே முக்கால். அறையில் நான் மட்டும்தான். இந்தப் பக்கத்தை எழுதிவிட்டேன். கணுக்காலில் இருந்த கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அறுத்தேன். உதட்டில் மறுபடி ரத்தம் வந்தது. இனி அந்தத் தாளை எழுத வேண்டும். கிழித்த தாளில் என்ன இருந்தது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்
(செப்டம்பர் 11 அன்று, கழன்ற தாளில், என் கையாலேயே மறுபடி எழுதியது)

இன்று கொம்பையா அண்ணன் என்னை பம்புசெட்டுக்குக் கூப்பிட்டான். கூட அவன் கூட்டாளி ஒருவன், முருகானந்தம். உரச்சாக்கில் சுற்றி இரண்டு அரிவாள் வைத்திருந்தார்கள். புதுசாகச் சாணை பிடித்தது. ஒன்றை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். நல்ல கனம்.

"அந்தப் பய என்னைக்குலே தனியா வருவான்?" என்று கேட்டான்.

அவன் என்னை அடிக்கவில்லை. மிரட்டவில்லை. கேட்டான், நான் சொன்னேன். "வியாழக்கிழம அவன் வழக்குண்ணே. ஏடு எழுதிட்டுத்தான் வருவான். அஞ்சரைக்கு வாட்ச்மேன்ட்ட சாவியக் குடுப்பான். அந்நேரத்துக்கு பஸ் கெடையாது, குளத்துக் கரை வழியாத்தான் நடந்து போவான்."

"சும்மா ஒரு பயங்காட்டிட்டு விட்ருதோம்" என்றான் முருகானந்தம். அப்படியானால் எதற்குச் சாணை பிடித்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. எனக்கு வெள்ளிக்கிழமை வாயைப் பிடித்துத் திறந்ததும், எதிர்ச் சாரியில் அவன் நின்றதும் நினைவுக்கு வந்தது.

அண்ணன் அரிவாளின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "எங்கலே போடலாம்? காலா, கையா? நீ அவங்கூடப் படிக்கவன்லா, நீயே சொல்லு" என்று சிரித்தான். முருகானந்தமும் சிரித்தான்.

நானும் சிரித்தேன்.

"முதுகுல போடுண்ணே" என்று சொன்னேன். "ஓடுனான்னு ஏட்டுல எழுதிக்கிடுதேன்."